ராகு காலம் போட்ட ஸ்டார்!

டிசம்பர் மாசம் உங்க தெருவுல எத்தனை வீட்ல ஸ்டார் தொங்குதுன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? எங்க தெருவுல நாலு. அதுல மூணு, மொட்டை மாடியிலயும் வாசல் கம்பத்துலயும் அண்ணாந்து பார்க்கிற உசரத்துல தொங்கும். நாலாவது மட்டும் தரையில இருந்து சரியா ரெண்டரை அடி உசரத்துல, சன்னல் கம்பியில. குனிஞ்சுதான் பார்க்கணும். அது எங்க வீட்டு ஸ்டார்!

'ஏம்மா, கயிறு பத்தலையா?'ன்னு போறவங்க வர்றவங்க எல்லாரும் கேட்டாச்சு. கயிறெல்லாம் நிறைய இருக்கு பாஸ். அந்த ரெண்டரை அடிக்குப் பின்னாடி மூணு வருஷக் கதையும் இருக்கு.

நான் விருதுநகர்ல பி.எஸ்ஸி. மேத்ஸ் கடைசி வருஷம். வீடு திருத்தங்கல் பக்கம். தினமும் பஸ்லதான் போக்குவரத்து. அப்பா சிவகாசியில ஒரு ஆப்செட் பிரஸ்ல கட்டிங் மெஷின் ஓட்டுறார். அம்மா? காலேஜ் ஃபார்ம்ல 'தாயார் தொழில்'ங்கிற கட்டத்துல மூணு வருஷமும் மூணு விதமா எழுதியிருக்கேன். முதல் வருஷம் 'இல்லத்தரசி'. அடுத்த வருஷம் 'சுயதொழில்'. இந்த வருஷம் 'பிள்ளை பாக்குறாங்க'ன்னே எழுதிட்டேன். வாங்கினவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்தார். பார்த்துட்டுப் போகட்டும்!

ஆமாங்க. எங்க வீட்டு முன்னறைதான் ஒன்பது பிள்ளைகளுக்குப் பகல் வீடு. சின்னதுக்கு ஒன்பது மாசம், பெரியதுக்கு நாலு வயசு. போர்டு கிடையாது, பேர் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது. காலையில ஏழு மணிக்குத் தெருமுனையில கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு முன்னாடி பிள்ளையையும் தூக்குவாளியையும் அம்மா கையில கொடுத்துட்டு ஓடுவாங்க. சாயங்காலம் வேன் திரும்பும்போது ஆறு, ஆறரை ஆகும். சனிக்கிழமை கூலி வாங்கினதும் எங்க வீட்டுக் கணக்கு தீர்ப்பாங்க. தீர்க்க முடியாத சனிக்கிழமையும் உண்டு. அம்மா அதைப் பெருசா எடுத்துக்கிட்டதில்லை.

எங்க ஊர்ல 'ஆபீஸ்'னு சொன்னா ஏசி, கம்ப்யூட்டர்னு நினைச்சுடாதீங்க. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். காட்டுக்குள்ள தனித்தனியா நிக்கிற சின்னச் சின்ன அறைகள். உள்ளே குழாய்க்குள்ள மருந்து செலுத்துறது, திரி வைக்கிறதுன்னு வேலை. மருந்துன்னா வெடிமருந்து! வெளியூர்ல இருந்து வந்த என் கிளாஸ்மேட் ஒருத்தி, 'உங்க தெருவுல எல்லா அம்மாவும் மருந்துக் கம்பெனியிலயா வேலை பாக்குறாங்க?'ன்னு கேட்டு, மாத்திரைக் கம்பெனின்னே ஒரு செமஸ்டர் பூரா நம்பிட்டு இருந்தா.

பிள்ளைகளை ஏன் இங்கே விடணும்னு கேட்பீங்க. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்துலயே, 50 பெண்களுக்கு மேல வேலை பார்க்கிற ஆலையில ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேணும்னு எழுதி வெச்சாங்க. நல்ல சட்டம்தான். ஆனா மருந்து இருக்கிற காம்பவுண்டுக்குள்ள தொட்டில் கட்ட எந்த ஆத்தாவுக்கு மனசு வரும்? அங்கன்வாடி இருக்கு. 1975-ல தொடங்கின திட்டம் அது, எங்க தெரு டீச்சரும் தங்கமானவங்க. ஆனா அங்கே கைக்குழந்தையை நாள் முழுக்க விட முடியாது. அது மூடுற நேரத்துக்கும் வேன் திரும்புற நேரத்துக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. அந்தப் பள்ளத்துலதான் எங்க அம்மா பாய் விரிச்சு உட்கார்ந்திருக்காங்க.

இன்னொரு விஷயம் சொன்னா சிரிப்பீங்களா, அழுவீங்களான்னு தெரியலை. முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல பிள்ளைகளைப் பார்த்துக்க ஆளே தேவைப்படலை. ஏன்னா பிள்ளைகளும் வேலைக்குப் போயிட்டாங்க! விடியறதுக்கு முன்னாடி கிராமம் கிராமமா பஸ் வந்து பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போகும். எங்க அம்மா எட்டு வயசுல அந்த பஸ்ல போனவங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவங்க. 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996 டிசம்பர் 10-ல. வேலைக்கு வெச்ச முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்டணும்னு சொன்ன தீர்ப்பு. அதுவும் ஒரு டிசம்பர்தான்.

சரி, ஸ்டாருக்கு வருவோம்.

நாங்க சி.எஸ்.ஐ. சபை. தெரு வழக்குல சொன்னா 'வேதக்காரங்க'. ஒன்பது பிள்ளைகள்ல ரெண்டுதான் எங்க சபை வீட்டுப் பிள்ளைங்க. ஒரு முஸ்லிம் பொண்ணு. மிச்சம் ஆறும் பத்ரகாளியம்மன், மாரியம்மன் கும்பிடுற வீடுகள். நான் ஸ்கூல் படிக்கிற வரைக்கும் டிசம்பர்னா மாடியில ஒரு ஸ்டார், அவ்வளவுதான். காலேஜ் சேர்ந்த வருஷம்தான் எனக்குக் கொழுப்பு ஏறிடுச்சு. 'நம்ம வீட்டு முன்னறையைப் பார்த்து ஊரே அசந்து போகணும்'னு கிளம்பினேன். பஜார்ல போய் சீரியல் செட், ஜிகினா ஒட்டின நட்சத்திரம் ரெண்டு டஜன், தெர்மாகோல் உருண்டை, ரெண்டடி பிளாஸ்டிக் மரம்னு வாங்கிக் குவிச்சேன். ஸ்காலர்ஷிப் பணத்துல ஒரு பகுதி காலி. அப்பாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. (இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்!)

குடில் மட்டும் அம்மா கை வேலை. பத்து நாளைக்கு முன்னாடியே தட்டுல மண்ணைப் பரப்பி கேழ்வரகைத் தூவிடுவாங்க. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பச்சைப் பசேல்னு புல்தரை ரெடி. மண் பொம்மை ஆடு ரெண்டு. குடில் வைக்கிற வழக்கத்தை ஊருக்கெல்லாம் பிரபலமாக்கினது அசிசி பிரான்சிஸ்னு சொல்வாங்க. 1223-ல இத்தாலியில கிரேச்சோங்கிற ஊர்ல, நிஜ மாடும் நிஜக் கழுதையும் வெச்சே செஞ்சிருக்கார். எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. ஆனா ஆடு பசியா இருக்குமேன்னு தெரிஞ்சிருக்கு. மூணாம் நாளே புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி மண் ஆட்டுக்கு ஊட்டித் தீர்த்துட்டாங்க!

அது சிரிப்பு. அடுத்தது சிரிப்பு இல்லை. ஒரு பையன் தெர்மாகோல் உருண்டையை மூக்குக்குள்ள போட்டுக்கிட்டான். அம்மா அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடின ஓட்டம் இருக்கே... டாக்டர் ஒரே நிமிஷத்துல எடுத்துட்டார். ஆனா பையனோட அம்மா வேன்ல இருந்து இறங்குற வரைக்கும், அவங்ககிட்ட அதைச் சொல்ற வரைக்கும், எங்க அம்மா ஒரு வாய்த் தண்ணி குடிக்கலை. மறுநாள் அவங்க பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாங்களா, மாட்டாங்களான்னு ராத்திரி பூரா நாங்க ரெண்டு பேரும் தூங்கலை. விட்டாங்க. விட்டுட்டு, 'அந்த வெள்ளை உருண்டையை மட்டும் எடுத்துருங்கக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாங்க.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு அப்பத்தா வந்தாங்க. அவங்க பேரன் எங்க வீட்ல சேர்ந்து ஒரு வருஷம். முன்னறையை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாங்க. மரம், சீரியல் செட், குடில்... எல்லாத்தையும். அப்புறம் வாசப்படியில உட்கார்ந்து வெத்தலையை எடுத்தாங்க.

'ஏ தாயி, ஒண்ணு கேக்கேன். தப்பா நினைக்காத. எங்க பேரனை வேதத்துல சேர்த்துருவீகளோ?'

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. வாயை மூடிக்கிட்டேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தப் பையன் காலையில வரும்போது நெத்தி நிறைய திருநீறு பூசி வருவான். மத்தியானம் சோறு ஊட்டி முகம் கழுவிவிட்டா அது அழிஞ்சு போகும். அம்மா எங்க சாமான் அலமாரியில, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்துல ஒரு திருநீறுப் பொட்டலம் வெச்சிருக்காங்க. முகத்தைத் துடைச்சதும் திரும்பப் பூசிவிட்டுத்தான் தூங்கப் போடுவாங்க. அந்தப் பொட்டலத்தைக் கொடுத்ததே இந்த அப்பத்தாதான்!

அம்மா அதைச் சொல்லிக் காட்டலை. 'இல்ல பெரியம்மா. இது எங்க வீட்டுப் பண்டிகை. உங்க பிள்ளை உங்க பிள்ளையாத்தான் வீட்டுக்கு வருவான்'னு மட்டும் சொன்னாங்க. அப்பத்தா வெத்தலையை மென்னுக்கிட்டே எழுந்து போனாங்க. நம்பினாங்களா, இல்லையான்னு முகத்துல ஒண்ணும் தெரியலை.

அம்மா அதுக்காக எதையும் கழட்டலை. கழட்டினது அடுத்த வாரம். காரணமே வேற.

பிள்ளைகள்ல ரெண்டரை வயசுப் பொண்ணு ஒருத்தி. நாங்க வெச்ச பேரு 'கலெக்டர்'. எல்லாரையும் கேள்வி கேட்பா. அவ அம்மாவுக்கு மருந்து செலுத்துற வேலை. அலுமினியப் பொடி கலந்த மருந்து. பார்த்திருக்கீங்களா? கை, நகம், புருவம் எல்லாம் வெள்ளி முலாம் பூசின மாதிரி மினுங்கும். ஆபீஸ்ல கழுவிட்டுத்தான் வருவாங்க. வந்தும் எங்க வீட்டு வெளிக் குழாயில சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவி, முந்தானையில துடைக்காம கையை உதறிக் காய வெச்சு, அப்புறம்தான் பிள்ளையைத் தூக்குவாங்க. முந்தானையிலயும் மருந்து இருக்குமே!

அன்னிக்கு சாயங்காலம் கலெக்டரம்மா என் ஜிகினா ஸ்டார் ஒண்ணைப் பிய்ச்சு, ரெண்டு உள்ளங்கையிலயும் தேய்ச்சு வெச்சிருந்தா. குழாயடியில நின்ன அவ அம்மாகிட்ட ஓடிப் போய் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினா.

'யம்மா, ஒன் கை!'

அந்தக்கா முகம் போன போக்கை நான் எழுத முடியாது ஃப்ரெண்ட்ஸ். பிள்ளை கையைப் பிடிச்சு குழாய்க்குள்ள வெச்சுத் தேய்தேய்னு தேய்ச்சாங்க. பிள்ளை வீல்னு கத்துது. ஜிகினா எங்கே லேசுல போகும்? 'ஜிகினாதான்க்கா, மருந்து இல்லை'ன்னு நான் பக்கத்துல போய்ச் சொல்றேன்... காதுலயே ஏறலை. கடைசியில தேய்க்கிறதை நிறுத்திட்டு எங்க அம்மாவைப் பார்த்துச் சொன்னாங்க:

'இவ கை இப்பிடி ஆகக்கூடாதுன்னுதானக்கா இங்கன கொண்டாந்து விடுதேன்.'

அன்னிக்கு ராத்திரி அம்மா எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. மரம், சீரியல் செட், ஜிகினா எல்லாம் ஒரு சாக்குல போய் பரண்ல ஏறிடுச்சு. குடில் மட்டும், புல் இல்லாத குடிலா, அலமாரி மேல போய் உட்கார்ந்தது.

அடுத்த வருஷம் முன்னறையில ஒண்ணுமே இல்லை. எனக்குப் பொறுக்கலை. 'இது நம்ம வீடும்மா! நம்ம பண்டிகையை நம்ம வீட்ல கொண்டாட யார்கிட்ட கேட்கணும்?'னு சண்டை போட்டேன். அம்மா கேழ்வரகு புடைச்சுக்கிட்டே சொன்னாங்க, 'காலையில ஏழு மணியில இருந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் இது நம்ம வீடு இல்லடி.'

அப்பா சமாதானத்துக்கு வந்தார். 'உசரத்துல கட்டுவோம். பிள்ளைகளுக்கு எட்டாது. பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கட்டும்.'

அதுக்குத்தான் அம்மா அந்த பஸ் கதையைச் சொன்னாங்க. அதுவரைக்கும் எனக்கும் சொன்னதில்லை. எட்டு வயசுல, விடியாத பஸ்ல, ஜன்னலோரம் தூங்கிக்கிட்டே போவாங்களாம். சாட்சியாபுரம் ரயில்வே கேட் சாத்தியிருந்தா பஸ் நிக்கும். டிசம்பர்ல அங்கே வீட்டுக்கு வீடு ஸ்டார். எங்க மிஷன் ஊர் அது. பாளையங்கோட்டைச் சீமைக்கு வடக்கே ஊர் ஊரா நடந்து ஊழியம் பார்த்த ராக்லண்டு ஐயர் 1858-ல செத்துப் போனதும் சிவகாசியிலதான். அதனால அந்தப் பக்கம் கிறிஸ்துமஸ்னா அமர்க்களம். 'ஒரு இருட்டுல அம்புட்டு வெளிச்சம். கேட் திறந்ததும் பஸ் கிளம்பிரும். ஒரு தடவை இறங்கித் தொட்டுப் பார்த்துட்டு வரலாமான்னு இருக்கும். எங்க வீட்ல ஸ்டார் வாங்க வழியில்ல. எட்டாத இடத்துல கட்டி பிள்ளையைப் பார்க்க மட்டும் சொல்லாதீக. அதுக்குக் கட்டாமலே இருக்கலாம்.'

நானும் அப்பாவும் கப்சிப்.

அந்த டிசம்பர்ல யார் விசாரிச்சாங்க தெரியுமா? அப்பத்தா! 'இந்த வருசம் ஸ்டார் கட்டலையா?' ஒரு வாரம் கழிச்சு மறுபடியும், 'ஸ்டார் எங்க?' தான் கேட்ட கேள்விக்காகத்தான் அம்மா நிறுத்திட்டாங்கன்னு மனசுல உறுத்தியிருக்கு. அம்மா காரணத்தைச் சொன்னா கலெக்டரோட அம்மா கதையைச் சொல்லணும். அது அவங்க சொல்ல வேண்டிய கதை இல்லை. 'அடுத்த வருசம் பார்ப்போம் பெரியம்மா'ன்னு மழுப்பிட்டாங்க.

இந்த வருஷம் வந்தாச்சு. அம்மா ஒரே ஒரு விதி போட்டாங்க. பிள்ளை தொட முடியாத, பிய்க்க முடியாத, வாயில வைக்க முடியாத எதுவும் முன்னறைக்குள்ள வரக்கூடாது! யோசிச்சுப் பாருங்க, கடையில விக்கிற எதுவும் தேறாது.

அப்போதான் மேத்ஸ் மூளையைக் கசக்கி, ஸ்டார் எப்படித்தான் வந்துச்சுன்னு தேடினேன். ஆச்சரியமான விஷயம் கிடைச்சது. காகிதத்துல செய்யற அந்தப் புடைப்பு நட்சத்திரம் கடையில பிறக்கலை பாஸ், கணக்கு வகுப்புல பிறந்திருக்கு! ஜெர்மனியில நீஸ்கிங்கிற ஊர்ல மொரேவியன் சபைக்காரங்களோட விடுதிப் பள்ளி. 1830-கள் வாக்குல அங்கே வடிவியல் பாடத்துக்காகப் பையன்களை வெச்சுச் செய்ய வெச்சாங்க. அந்தச் சபையோட விடுதிகள்ல படிச்சதுல நிறைய பேர் மிஷனரிகளோட பிள்ளைங்க. அப்பா அம்மா கடல் தாண்டி எங்கேயோ வேலைக்குப் போயிருக்க, பிள்ளைங்க வேற யாரோ பார்த்துக்கிற இடத்துல உட்கார்ந்து ஸ்டார் ஒட்டியிருக்காங்க. இதைப் படிச்சதும் நான் அம்மாவைத்தான் திரும்பிப் பார்த்தேன். (அந்தச் சபைக்காரங்க 1760-ல நம்ம தரங்கம்பாடிக்கும் வந்தவங்க. ஸ்டார் வர்றதுக்கு முன்னாடியே மூட்டை கட்டிட்டாங்க. நமக்குக் கொடுத்து வைக்கலை!)

18 சதுரம், 8 முக்கோணம், ஆக மொத்தம் 26 முகம் இருக்கிற ஒரு உருவம். ஒரு முகத்தைக் கயிறு கட்ட விட்டுட்டு மிச்சம் 25-லயும் கூம்பு ஒட்டணும். எக்ஸாம் லீவுல ரெண்டு நாள் உட்கார்ந்தேன். வந்தது நட்சத்திரம் இல்லை, பலாப்பழம். அப்பா பார்த்துட்டு, 'அஞ்சு முனை போதும் தாயி, பிள்ளைக பயந்துரும்'னார்.

தாள் அப்பா கொண்டுவந்தார். இங்கேதான் எங்க ஊர் மகிமை! டிசம்பர்ல சிவகாசி பிரஸ்களை வந்து பாருங்க. ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம் போட்டு ஆர்டர் பிடிச்ச காலண்டர் எல்லாம் ராப்பகலா ஓடிக்கிட்டிருக்கும். முருகன், இயேசு, மெக்கா மூணும் ஒரே மெஷின்ல அடுத்தடுத்து விழும். ஒரே கட்டுல கிடக்கும். ஒருத்தருக்கொருத்தர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. கலர் விலகின தாள், மை தீத்தின தாள் எல்லாம் வேஸ்ட். எங்க ஊர்ல நோட்டுக்கு அட்டை போடறதே அந்தத் தாள்லதான். என் அல்ஜீப்ரா நோட்டுல பாதி லட்சுமி இருக்காங்க.

ஆனா சாமி படத்துல கத்தரி போட யாருக்கும் மனசில்லை. அதனால அப்பா கொண்டுவந்தது தினசரி காலண்டரோட தேதித் தாள். அடுத்த வருஷத்துத் தாள், சிவப்பு மை கொஞ்சம் விலகினது. ஒவ்வொரு தாள்லயும் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, ஹிஜ்ரி தேதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் எல்லாம் இருக்கு. பண்டிகைன்னா மூணு மதத்துக்கும் சேர்த்து அதுலயே இருக்கு. அட்டையை வெட்டி அஞ்சு முனைக்குச் சட்டம் கட்டினது அப்பா. மைதாப் பசை காய்ச்சினது அம்மா. பூச்சி அரிக்காம இருக்க பசையில மயில்துத்தம் போடறது எங்க ஊர் வழக்கம். அது விஷம். அம்மா போடலை. நல்லதாப் போச்சு, ஏன்னா பாதிப் பசை பிள்ளைங்க வயித்துக்குள்ளதான் போச்சு!

ஒட்டினது பிள்ளைங்க. முந்தின நாள் சாயங்காலமே அம்மாக்களைக் கேட்டு ஒவ்வொரு பிள்ளையோட பிறந்த தேதித் தாளையும் தனியா எடுத்து வெச்சோம். அவங்கவங்க தேதியை அவங்கவங்களே ஒட்டணும்னு திட்டம். அப்போ பார்த்தேன். கட்டுல இருந்து அம்மா ஒரு தாளை மட்டும் சத்தமில்லாம உருவி, மடிச்சு, பைபிளுக்குள்ள வெச்சாங்க. செப்டம்பர் 5. உங்களுக்கு அது ஆசிரியர் தினம். எங்க பக்கம் அப்படி இல்லை. 2012-ல அந்தத் தேதியில முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்துல நாற்பது பேருக்குப் பக்கத்துல செத்துப் போனாங்க. நான் அப்போ கைக்குழந்தைக்கு ரெண்டு படி மேல. புகை தெரிஞ்சதுன்னு அம்மா சொல்லுவாங்க. ஸ்டார்ல அந்தத் தாள் இல்லை. ஒன்பது அம்மாக்கள்ல யாரும் ஏன்னு கேட்கலை.

பல்பு வைக்கலாமான்னு நான் கேட்டேன். அம்மா பதில் சொல்லாம வாசலைக் காட்டினாங்க. அதுதான் பதில். எங்க வீட்ல மெழுகுவத்தியே ஏத்த மாட்டோம், கிறிஸ்துமஸ் ராத்திரி ஆராதனையைத் தவிர... அதுவும் சர்ச்ல. வாசல் வரைக்கும் மருந்து ஒட்டின சேலையோட ஒன்பது பேர் வர்ற வீடு இது. நெருப்புன்னா பயம் இல்லை, மரியாதை. வருஷம் பூரா பட்டாசு செய்யற இந்த அக்காக்கள் வீட்ல தீபாவளிக்குக்கூடப் பேருக்கு ஒரு கம்பி மத்தாப்புதான்.

2018 டிசம்பர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த வருஷம் அக்டோபர் 23-ல உச்ச நீதிமன்றம், தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் ராத்திரி 11.55-ல இருந்து 12.30 வரைக்கும்தான் வெடிக்கலாம்னு சொன்னாங்க. பேரியம் கூடாது, சரவெடி கூடாதுன்னும் சொன்னாங்க. சுத்தமான காத்து வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை. ஆனா நவம்பர்ல ஆலைகளை மூடிட்டாங்க. நாலு மாசத்துக்குப் பக்கத்துல திறக்கலை. வேலை இல்லைன்னா பிள்ளையை எங்கே விடணும்? எங்க முன்னறை காலியா கிடந்தது. அந்த டிசம்பர் முழுக்க அம்மா ஒன்பது மணிக்கே வீடு கூட்டி முடிச்சிட்டு, என்ன செய்யறதுன்னு தெரியாம வாசல்லயே உட்கார்ந்திருப்பாங்க. பிள்ளைங்க சத்தமே இல்லாத கிறிஸ்துமஸ் வேற எதுவும் எங்க வீட்ல வந்ததில்லை.

அதனால பல்பு இல்லை. மேற்குச் சன்னல்ல கட்டினோம், ரெண்டரை அடி உசரத்துல. வேன் திரும்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சாயங்கால வெயில் சன்னல் வழியா அந்த மெல்லிசுத் தாள்ல விழும்போது ஸ்டார் தானா மஞ்சளா எரியும். அரை மணி நேரம்தான். பிள்ளைங்க எல்லாம் அதுக்கு முன்னாடி போய் உட்கார்ந்துக்கும். தினமும் ஒரு முனை கிழியும். தினமும் ஒட்டுவோம். கலெக்டர் அவ தேதியை இதுவரைக்கும் நாலு தடவை பிய்ச்சு நாலு தடவை ஒட்டியிருக்கா. முதல் நாள் அவ அம்மா கையைக் கழுவி உதறிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தாங்க. பிள்ளை விரல்ல பசை காஞ்சு வெள்ளையா ஒட்டியிருந்தது. நகத்தால ஒவ்வொண்ணா உரிச்சுவிட்டாங்க. 'பசைதான'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

அப்பத்தா 23-ம் தேதிதான் வந்தாங்க. பேரனைக் கூட்டிப் போற சாக்குல. சன்னல் பக்கம் போனாங்க. நின்னாங்க. இடுப்புல கை வெச்சு மெதுவா குனிஞ்சாங்க. கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியலை போல.

'என்ன தாயி இது, ஸ்டார்ல எழுத்து எழுத்தா ஓடுது?'

'தேதித் தாள் அப்பத்தா. காலண்டர்.'

'ராகு காலம் எல்லாம் போட்டிருக்கா?'

'ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம்... எல்லாம் இருக்கு.'

'எந்த வருசத்துது?'

'வரப்போற வருஷத்துது.'

அப்பத்தா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. வாசப்படியில உட்கார்ந்து வெத்தலையை எடுத்தாங்க. போச்சு, மறுபடியும் ஏதோ கேட்கப் போறாங்கன்னு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அம்மாவும் அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்தாங்க.

'அப்பிடின்னா ஒண்ணு பாரு தாயி. பேரனுக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி எடுக்கணும்னு நேந்திருக்கு. தையில எது நல்ல நாளுன்னு அந்த நட்சத்திரத்துல பார்த்துச் சொல்லு.'

தரையில முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். ஜனவரித் தாள் எல்லாம் அடிமுனையில இருந்தது. கலெக்டர் முதுகு மேல ஏறிக்கிட்டா. சுப முகூர்த்தம்னு இருந்த முதல் தாளை நான் படிச்சுக்கிட்டிருக்கும்போதே வேன் ஹாரன் அடிச்சது.